மீன் வண்டி பாடிக்கு எந்த ரிவெட்? அலுமினியம், இரும்பு, எஃப்ஆர்பி, எஸ்எஸ் நாலும் ஒரே பாடியில்

முத்துநகர்க்காரன் (கேள்வி)

வணக்கம். சின்ன டிரக் ஒன்றுக்கு மீன் ஏற்றும் பாடி கட்டுகிறோம். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு ஓடும். ஐஸ் தண்ணீர், உப்பு, மீன் ரத்தம், சாயங்காலம் ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவல் எல்லாம் உண்டு. ரிவெட் அடிக்க வேண்டிய இடங்கள் நாலு வகை:

1. தரை: 3 மி.மீ. அலுமினியம் செக்கர்டு பிளேட். அடியில் 40×40×2 எம்எஸ் (சாதாரண இரும்பு) சதுர டியூப் ஃபிரேம், எபாக்சி பிரைமர் அடித்தது.
2. உள்சுவர்: 2 மி.மீ. எஃப்ஆர்பி (கண்ணாடிநார் பிளாஸ்டிக்) ஷீட், 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் மேல். பின்னால் பியூ ஃபோம் (குளிர் காக்கும் நுரை).
3. பின்கதவு: 2.5 மி.மீ. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 கீல், 3 மி.மீ. அலுமினிய சேனலில். கதவு 35 கிலோ, அகலம் 70 செ.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையில் 120 செ.மீ.
4. வெளிச்சுவர்: 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, அதே ஆங்கிள் மேல்.

கடையில் 4.8×12 அலுமினியம் பாப் ரிவெட் (நடுக் கம்பியை இழுத்து ஒரு பக்கத்திலிருந்தே அடிப்பது) பெட்டியை நீட்டி "எல்லாத்துக்கும் இதுவே ஆகும்" என்கிறார்கள். எஸ்எஸ் ரிவெட் போடலாமா என்று கேட்டால், எஸ்எஸ் போட்டா அலுமினியத்தை அரிச்சிடும் என்று ஒருவர் சொல்கிறார். அலுமினிய ரிவெட் போட்டா ரிவெட்டே அரிச்சுப் போயிடும் என்று இன்னொருவர். யார் சொல்வது சரி? கையில் இருப்பது சாதாரண ஒற்றைக் கை ரிவெட் கன்தான். கம்ப்ரசர் உண்டு. ஏர் ரிவெட்டர் வாங்க வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்.

---

பாடிலைன்_நாமக்கல்

முதல்ல அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. 4.8×12-ல முன்னால இருக்கிற 4.8 விட்டம், பின்னால இருக்கிற 12 ரிவெட்டோட நீளம். அது பிடிக்கிற கனம் கிட்டத்தட்ட 6-லிருந்து 8 மி.மீ. வரைக்கும்தான். உங்க கணக்கைக் கூட்டிப் பாருங்க. தரை 3+2=5. உள்சுவர் 2+3=5. வெளிச்சுவர் 1.2+3=4.2. கீல் 5.5. நாலுல ஒண்ணுகூட 6-ஐத் தொடலை.

நீளம் ஜாஸ்தியா இருந்தா என்ன, இழுத்தா இறுகிடாதா என்பாங்க. இறுகாது. கம்பியோட குண்டுத்தலை உள்ளே வந்து ரிவெட் வாலைப் பிதுக்கும். அந்தப் பிதுக்கம் தகட்டோட பின்பக்கத்துல வந்து உட்காரணும். நீளம் கூடினா தகட்டுக்கு ரெண்டு மூணு மி.மீ. தள்ளியே பிதுங்கி நின்னுடும். கம்பி அதோட விசைக்கு "டக்"னு உடைஞ்சிடும். முன்பக்கம் பார்த்தா தலை அழகா உட்கார்ந்திருக்கும். விரலால தட்டினா தகடு கிலுகிலுன்னு ஆடும். நீளம் குறைஞ்சா வேற கதை: பிதுங்கறதுக்கு வாலே இருக்காது, தலையோட உருவிக்கிட்டு வந்துடும்.

மனசுல வெச்சுக்க ஒரு கணக்கு: ரிவெட் நீளத்துலேருந்து அதோட விட்டத்தைக் கழிச்சா வர்றதுதான் அது பிடிக்கக்கூடிய அதிகபட்ச கனம், தோராயமா. 4.8×10 என்றால் 5, 6 மி.மீ.; 4.0×8 என்றால் 4, 5 மி.மீ. பெட்டி மேல கிரிப் ரேஞ்ச் (பிடிக்கிற கனத்தோட எல்லை) போட்டிருந்தா அதுதான் வேதம், என் கணக்கு இல்லை. கனம் கூட்டும்போது நடுவுல வைக்கிற டேப், கேஸ்கெட்டையும் சேர்த்துக்கணும், நசுங்கின பிறகு இருக்கிற கனத்துக்கு.

அப்போ உங்களுக்கு: உள்சுவருக்கு 4.8×10, வெளிச்சுவருக்கு 4.0×8. வெளிச்சுவருக்கு ஏன் 4.0 என்றால், ரிவெட் விட்டம் மெல்லிய தகட்டோட கனத்துல மூணு மடங்குக்கு ரொம்ப மேல போகக்கூடாது. போனா ரிவெட் பிதுங்கும்போது தகட்டு ஓட்டையைச் சுத்தி நெளிஞ்சு குழி விழும், வெளிச்சத்துல ஒவ்வொண்ணும் தெரியும். அதே சமயம் கனமான தகட்டைவிட விட்டம் குறையவும் கூடாது. கீலுக்கு 1 மி.மீ. கேஸ்கெட் வெச்சா 6.5 ஆகும், அங்கே மட்டும்தான் 4.8×12 சரி, அதுவும் எஸ்எஸ்ல. தரையைப் பத்தித் தனியா எழுதறேன், அது பெரிய பேச்சு.

கடையில நூல் (அங்குலத்துல எட்டுல ஒண்ணு) கணக்குல கேட்டாலும் கிடைக்கும்: 3.2 ஒரு நூல், 4.0 ஒன்றேகால், 4.8 ஒன்றரை, 6.4 ரெண்டு நூல்.

ஓட்டை: 3.2-க்கு 3.3, 4.0-க்கு 4.1, 4.8-க்கு 4.9, 6.4-க்கு 6.5. 4.9 பிட் எல்லாக் கடையிலயும் இருக்காது, 5.0 எடுத்துக்கோங்கம்பாங்க. பிட் நேரா இருந்து, முதல்ல 3 மி.மீ. ஓட்டை போட்டு அப்புறம் 5.0 விட்டா பரவாயில்லை. நேரடியா 5.0-ஐக் கைட்ரில்ல விட்டா பிட் ஆடி 5.2, 5.3 ஆகிடும். எஃப்ஆர்பியில அது நிச்சயம் தளர்ந்துடும். அலுமினியத்துல பிட் அடைக்காம இருக்க ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் போதும். எஃப்ஆர்பிக்குப் போடாதீங்க, அங்கே சீலன்ட் ஒட்டாது.

---

உப்புக்காற்று

அரிப்பு விஷயத்தில் உங்களிடம் பேசிய இருவருமே பாதி சரி. எது எதை அரிக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எது பெரியது எது சிறியது என்றும் பார்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் அலுமினியமும் எஸ்எஸ்ஸும் தொட்டுக்கொண்டு நனைந்தால் கரைவது அலுமினியம்தான். அகலமான அலுமினியத் தகட்டில் சின்ன எஸ்எஸ் ரிவெட் இருந்தால் அந்த அரிப்பு தகட்டின் பெரிய பரப்பில் பரவி மெதுவாகிவிடும். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டும், குழி விழும், ஆனால் வருஷக்கணக்காகும். ஈரமான சீலன்டில் முக்கி அடித்தால் இன்னும் தள்ளிப் போகும். இதையே திருப்பிப் போடுங்கள்: பெரிய எஸ்எஸ் கீல், அதைப் பிடிக்கச் சின்ன அலுமினிய ரிவெட். அரிப்பு முழுக்க அந்தச் சின்ன ரிவெட்டின் மேல் குவியும். தலை பார்வைக்கு இருக்கும், கழுத்தில் ஒன்றும் இருக்காது. எனவே கீலில் அலுமினிய ரிவெட் வேண்டவே வேண்டாம். செம்பு, பித்தளைப் பாகங்கள் ஏதாவது இருந்தால் அதற்கும் இதே பேச்சு.

சாதாரண அலுமினிய பாப் ரிவெட்டில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. உடல்தான் அலுமினியம், நடுக் கம்பி பெரும்பாலும் இரும்பு. இழுத்து உடைத்த பிறகு கம்பியின் குண்டுத்தலை உள்ளேயே தங்கிவிடும். கடற்கரையில் ஒரு மழைக்காலம் போனால் தலை நடுவிலிருந்து பழுப்புக் கண்ணீர் வடியும். பிறகு அந்தத் துண்டு துருப்பிடித்து விழுந்துவிட, நடுவில் துளை திறந்துகொள்ளும். உங்கள் பாடியில் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது பியூ ஃபோம். தண்ணீர் இறங்கினால் ஃபோம் கனக்கும், குளிர் நிற்காது, நாற்றம் போகாது. அதனால் வெளிச்சுவருக்கு உடல், கம்பி இரண்டும் அலுமினியமான ரிவெட் வாங்குங்கள். பலம் கொஞ்சம் குறைவு, 1.2 தகட்டுக்கு அது போதும். உள்சுவருக்கு அடி மூடிய ரிவெட்தான் நல்லது. அதன் பின்முனை கிண்ணம் போல மூடியிருக்கும், நடு வழியாகத் தண்ணீர் போகாது. அதே கனத்துக்கு நீளம் சற்றுக் கூடுதலாக வேண்டும், அதற்குரிய அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். தலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கசிவதை அதுவும் தடுக்காது. அங்கே சீலன்ட் போட்டே ஆகவேண்டும்.

தரைக்கு வருகிறேன். அலுமினிய பிளேட்டும் எம்எஸ் டியூப்பும் நேராகத் தொடக்கூடாது. நடுவில் பியூட்டைல் டேப் அல்லது ஈபிடிஎம் ரப்பர் பட்டை. சாக்கு, ஃபெல்ட், பிளைவுட் துண்டு வைப்பார்கள் சிலர். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிற எதுவும் ஒன்றும் வைக்காததைவிடக் கெடுதல். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிக்க முடியும் என்றால் இரும்பின் மேல் அடியுங்கள், அலுமினியத்தின் மேல் அல்ல. அலுமினியத்தை மட்டும் மூடி வைத்தால் கீறல் விழுந்த ஒரே புள்ளியில் அரிப்பு முழுவதும் இறங்கி ஓட்டை போட்டுவிடும். ஃபிரேமில் டிரில் போட்ட பிறகு ஓட்டை விளிம்பில் பச்சை இரும்பு தெரியும். ரிவெட் அடிக்குமுன் அதற்குள் துத்தநாகப் பெயின்ட் ஒரு தொடல்.

எஸ்எஸ் என்றால் 304 ரிவெட்டைவிட 316 பாருங்கள். பெட்டியில் ஏ4 என்று இருக்கும், 304 என்றால் ஏ2. பிளீச்சிங் பவுடர் அலுமினியத்தையும் எஸ்எஸ்ஸையும் சேர்த்துக் குழிபறிக்கும். கழுவிய கையோடு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், காயவிடக் கூடாது.

---

முத்துநகர்க்காரன்

நன்றி. இரண்டு சந்தேகம். எஸ்எஸ் ரிவெட் என்று சொல்லிக் கடையில் கொடுப்பதில் கம்பியும் எஸ்எஸ்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஒட்டுகிறது. அடுத்து, கீலுக்கு 4.8 எஸ்எஸ் எத்தனை ரிவெட் போட வேண்டும்?

---

உப்புக்காற்று

காந்தத்தை நம்பி முடிவுகட்ட முடியாது. 304, 316 இரண்டுமே குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கும்போது ஓரளவு காந்தம் பிடிக்க ஆரம்பிக்கும். லேசாக ஒட்டினால் நல்ல எஸ்எஸ்ஸாகவும் இருக்கலாம். "டப்" என்று பாய்ந்து ஒட்டினால் இரும்புக் கம்பி என்று சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய: ஒரு ரிவெட்டைத் துண்டுத் தகட்டில் அடியுங்கள். கழன்று வந்த கம்பியின் உடைந்த முனையையும், தகட்டிலேயே தங்கிய துண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். இரும்பென்றால் காலையில் உடைந்த முனை ஆரஞ்சாக இருக்கும். வெளிப்பூச்சு உடைந்த இடம் அதுதான், அதனால் பொய் சொல்லாது.

---

பாடிலைன்_நாமக்கல்

கீல் கணக்கு. 35 கிலோ கதவு, பாரம் நடு அகலத்துல, அதாவது கீல்லேருந்து 35 செ.மீ. தள்ளி. 35×35÷120, சுமார் 10 கிலோ. மேல் கீலை வெளியே இழுக்கறது நிக்கிற வண்டியில அவ்வளவுதான். குண்டு குழிக்கு நாலு மடங்கு வெச்சாலும் 40 கிலோ. எஸ்எஸ் 4.8 ரிவெட் ஒண்ணு வெட்டுவிசையில 430 கிலோ வாக்குல தாங்கும். அலுமினியம் 115, இரும்பு 245. இதெல்லாம் உடையற கணக்கு, வேலைக்குக் கால்வாசிதான் எடுத்துக்கணும். எப்படிப் பார்த்தாலும் கீலுக்கு நாலு ரிவெட் தாராளம்.

ஆனா கீல் ரிவெட் பாரத்தால போறதில்லைங்க. கதவைக் காத்து அடிச்சுத் திறந்து ஸ்டாப்பர்ல மோதும்போது கீல் இலை நெம்புகோல் மாதிரி தலையைக் கிளப்பும், தினம் தினம். அதுக்கு ரெண்டு பரிகாரம். ஒண்ணு, கீல் முனைக்கு நெருக்கமா இருக்கிற ரிவெட்டை மடிப்புக் கோட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்க. ரெண்டாவது, சேனலுக்குள்ள 5 மி.மீ. அலுமினியப் பட்டை வெச்சு அதோட சேர்த்துப் பிடியுங்க. பட்டை வெச்சா கனம் 11.5 ஆகிடும், 4.8×18 வேணும். கை உள்ளே போற சேனலா இருந்தா நான் ரிவெட்டே சொல்லமாட்டேன், எம்6 எஸ்எஸ் போல்ட், பெரிய வாஷர், நைலாக் நட்டு (அதிர்வுல தளராத நட்டு). கீலை என்னைக்காவது மாத்தித்தான் ஆகணும்.

---

ஏர்கன்_ரவுண்டு

கன் பற்றி யாரும் சொல்லலை. ஒற்றைக் கை கன்னில் 4.8 அலுமினியம் வரைக்கும்தான். 4.8 எஸ்எஸ்ஸை அதில் இழுத்தால் ரெண்டு மூணு தடவை பிடிச்சுப் பிடிச்சு இழுக்க வேண்டிவரும், ஜா (கன்னுக்குள் கம்பியைக் கவ்வும் பல்) தேயும், கம்பியில் வழுக்கும். பாதி இழுத்த ரிவெட் தலையை நோண்டி எடுக்கிறது பெரிய தலைவலி. ரெண்டு கை நீளப்பிடி கன் போதும் என்றாலும், இந்தப் பாடிக்கு ஓட்டை எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் வரும். ஏர் ரிவெட்டர் வாங்குங்கள். வாங்கும்போது "4.8 வரை" என்று போட்டிருக்கா "6.4 வரை" என்று போட்டிருக்கா, எஸ்எஸ் சேர்த்தா, ஸ்ட்ரக்சுரல் ரிவெட் (கம்பி உள்ளேயே பூட்டிக்கொள்ளும் பலமான வகை) சேர்த்தா என்று கேளுங்கள். 6.4 சாதாரண அலுமினியத்தை இழுக்கிற கன் 6.4 ஸ்ட்ரக்சுரலை இழுக்கணும் என்று இல்லை, ஸ்ட்ரோக் (ஒரு தடவையில் இழுக்கும்) நீளமும் பத்தாமல் போகும்.

மூக்குத் துண்டைக் கம்பிக்குப் பொருத்தமாகப் போடவும். பெரிய ஓட்டை மூக்கைப் போட்டு இழுத்தால் கம்பி தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு உடையும், கையைக் கிழிக்கும். கம்பி நீட்டிக்கொண்டு உடைய வேறு காரணமும் உண்டு: கன்னைச் சாய்த்துப் பிடிப்பது, ரிவெட் நீளம் தப்பாக எடுப்பது. கம்பி உடையாமல் வழுக்கினால் மூக்கைக் கழற்றி ஜாவைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பத்துக்கு ஒன்பது அங்கே தூள் அடைத்திருக்கும்.

கன் மூக்கைத் தகட்டோடு அழுத்திப் பிடித்து இழுக்கணும். ரெண்டு தகட்டுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் ரிவெட் அந்த இடைவெளியிலேயே பிதுங்கிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் ஒட்டாது. டிரில் போட்டதும் ரெண்டையும் பிரித்து, நடுவில் இருக்கிற தூளை ஊதி, பெரிய பிட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பிசிரை எடுத்து, மறுபடி வைத்து கிளெக்கோ (தற்காலிகப் பிடிப்பு ஊசி) போடுங்கள். கிளெக்கோ இல்லையா, நாலு ஓட்டைக்கு ஒன்று வீதம் எம்4 போல்ட் நட்டு.

---

கண்ணாடிநார்

எஃப்ஆர்பிக்குத் தனியாகச் சில வார்த்தைகள். சாதாரண வட்டத்தலை ரிவெட் வேண்டாம். 4.8 உடல், 14 அல்லது 16 மி.மீ. அகலத் தலை உள்ளது கிடைக்கும், அதை வாங்குங்கள். சின்னத் தலை ஷீட்டுக்குள் அமிழ்ந்து, ஜெல்கோட்டில் (ஷீட்டின் மேல் பூச்சில்) நட்சத்திர விரிசல் விடும். தலை எஃப்ஆர்பி பக்கம், பிதுக்கம் அலுமினிய ஆங்கிள் பக்கம் என்பதுதான் முறை, மாற்ற வேண்டாம். பிதுக்கம் எஃப்ஆர்பி பக்கம் வரவேண்டிய இடத்தில் பின்னால் வாஷர் போடுங்கள். வாஷருக்குக் கை எட்டாத இடத்துக்கு, வால் நாலு இதழாகப் பிளந்து படரும் பீல் ரிவெட் உண்டு.

அகலத் தலையும் அடி மூடியதும் ஒரே ரிவெட்டில் கிடைப்பது அரிது. இரண்டில் ஒன்று என்றால் நான் அகலத் தலையை எடுப்பேன். கம்பி நடுத் துளையில் ஒரு பொட்டு பியூ சீலன்ட் வைத்து விரலால் வழித்துவிட்டால் வேலை முடிந்தது. எஃப்ஆர்பியில் ரிவெட் தளர்ந்தால் எந்தச் சீலன்டும் நிற்காது.

விளிம்பு இடைவெளி: தகட்டுக்கு, ஓட்டை நடுவிலிருந்து விளிம்பு வரை விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, 4.8-க்கு 10 மி.மீ. எஃப்ஆர்பிக்கு மூன்று மடங்கு, 15 மி.மீ. இதில்தான் பலர் தவறு செய்வார்கள். இரண்டு ஷீட் சந்திக்கும் இடத்தில் 25 மி.மீ. ஆங்கிள் வைத்து இரண்டையும் அதிலேயே பிடிக்கப் பார்ப்பார்கள். ஷீட்டுக்குப் பதினைந்து பதினைந்து, பட்டைக்கு வெளியே பத்துப் பத்து, நடுவில் 3 மி.மீ. சந்து. கூட்டினால் 53, ஆகவே 55 மி.மீ. அகலப் பட்டை வேண்டும். உங்கள் ஆங்கிள் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரில் போடும்போது பின்னால் மரக்கட்டையை அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் பிட் வெளியேறும் பக்கம் நார் பிய்ந்து பூவாக விரியும். சாதாரண ஹெச்எஸ்எஸ் பிட் கண்ணாடி நாரில் சீக்கிரம் முனை மழுங்கும். மழுங்கிய பிட் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். ரெசின் கருகிய வாடை வந்தால் பிட்டை மாற்றுங்கள். கார்பைட் பிட் கிடைத்தால் சுகம். முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

ரிவெட் இடைவெளி சுவரில் 100 முதல் 150 மி.மீ. போதும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டு போங்கள். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அடித்தால் கடைசியில் ஷீட் உப்பி நிற்கும்.

---

பாடிலைன்_நாமக்கல்

தரை. கூடை பாரம் கீழே அழுத்தும், டியூப் தாங்கிக்கும். ரிவெட்டுக்கு அதுல வேலை இல்லை. ரிவெட்டைக் கெடுக்கறது வேற ரெண்டு. கூடையை இழுக்கறப்போ பிளேட் பக்கவாட்டுல நகரப் பார்க்கும். அப்புறம் வெயில். அலுமினியம் இரும்பைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளும். 2.4 மீட்டர் பிளேட்டுல 40 டிகிரி ஏறி இறங்கினா ரெண்டுக்கும் நடுவுல 1 மி.மீ. வித்தியாசம். தினமும் அந்த ஒரு மி.மீ. போய் வந்தா சாதாரண பாப் ரிவெட்டோட நடுத்துண்டு உதிர்ந்து, உடல் மட்டும் குழாய் மாதிரி நிக்கும். அதனால தரைக்கு 6.4 ஸ்ட்ரக்சுரல் ரிவெட்: மோனோபோல்ட், மேக்னாலாக் வகை. அதுல கம்பி உள்ளேயே பூட்டிக்கும், நடுவுல ஓட்டையும் அடைபடும். கிரிப் ரேஞ்சும் அகலம், 6.4 மேக்னாலாக் ஒரே அளவு 2-லிருந்து 9.5 மி.மீ. வரைக்கும் பிடிக்கும். ஓட்டை சாதாரண 6.4 ரிவெட்டுக்குப் போடறதைவிடக் கொஞ்சம் பெருசு கேட்கும், பெட்டியில இருக்கிற அளவைப் போடுங்க. துத்தநாகம் பூசின இரும்பு வகை தூத்துக்குடிக்கு ஆகாது. அலுமினியம் இல்லேன்னா எஸ்எஸ்.

பிளேட்டை ஒரே துண்டா போடாம குறுக்கே ரெண்டா வெட்டி 3 மி.மீ. சந்து விட்டு சீலன்ட் நிரப்புங்க. ஓரத்துல 150, நடுக் குறுக்குச் சட்டத்துல 200, 250-க்கு ஒண்ணு.

இன்னொண்ணு. செக்கர்டு பிளேட்ல ரிவெட் தலை மேடு மேல பாதியும் பள்ளத்துல பாதியுமா உட்கார்ந்தா சாய்ஞ்சு நிக்கும். ஒரு பக்கம் நகம் நுழையற சந்து இருக்கும், கூடை அடி மாட்டி தலையைப் பிடுங்கிடும். டேப் வெச்சு மார்க் பண்ணும்போதே மேட்டுக்கு நடுப் பள்ளமா பார்த்துப் புள்ளி வையுங்க. அளவு ரெண்டு மி.மீ. முன்ன பின்ன போனா ஒண்ணும் குடிமுழுகாது. வழியே இல்லேன்னா அந்த மேட்டைத் தலை அகலத்துக்கு மட்டும் தேய்ச்சு எடுத்துடுங்க.

---

ஏர்கன்_ரவுண்டு

தரைக்கு ரிவெட் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மீன் வண்டித் தரையை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவை கழற்றி அடியில் டியூப் எப்படி இருக்கு என்று பார்த்தே ஆகணும். 6.4 எஸ்எஸ் ஸ்ட்ரக்சுரலை டிரில் போட்டு எடுத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். டியூப்பில் எம்6 ரிவெட் நட்டு (ஓட்டையில் பதிந்து நிற்கும் மரை), 9 மி.மீ. ஓட்டை, மேலிருந்து எஸ்எஸ் போல்ட். பிளேட்டில் ஓட்டையை 7 மி.மீ. போட்டால் அந்த 1 மி.மீ. நீட்டிப்புக்கும் இடம் கிடைச்சிடும்.

---

பாடிலைன்_நாமக்கல்

கழட்டணும்கறது சரிதான். ஆனா எஸ்எஸ் நட்டுல எஸ்எஸ் போல்ட் கடிச்சுப் பிடிச்சுக்கும், திருப்பினா ரிவெட் நட்டே ஓட்டைக்குள்ள சுத்தும். அதுக்கப்புறம் கிரைண்டர்தான். போடறதா இருந்தா அறுகோண உடல் ரிவெட் நட்டு, அறுகோண ஓட்டை, மரையில ஆன்டிசீஸ் பேஸ்ட் (மரை கடிக்காம இருக்கப் பூசறது). ரெண்டு மி.மீ. டியூப்ல அறுகோண ஓட்டை போட பஞ்ச் வேணும், எல்லார்கிட்டயும் இருக்காது. வட்ட ஓட்டைன்னா உடல்ல வரி வெட்டினதா வாங்குங்க, வழவழன்னு இருக்கிறது வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு: சுத்து ஓரத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ரிவெட், கதவுப் பக்கத்துப் பாதி பிளேட்டுக்கு மட்டும் ரிவெட் நட்டு. தண்ணி தேங்கி டியூப் முதல்ல கெடறது அந்தப் பக்கம்தான்.

---

முத்துநகர்க்காரன்

அந்த நடுவழியையே எடுத்துக்கொள்கிறோம். தப்பாக அடித்த ரிவெட்டைக் கழற்றும்போது பிட்டோடு சேர்ந்து சுற்றுகிறதே, அதற்கு என்ன செய்வது? கதவு வாசற்படியில் கூடை இழுக்கும்போது தட்டாமல் இருக்க அமிழ்ந்த தலை ரிவெட் போட எண்ணம். வாசற்படிப் பட்டை 3 மி.மீ. அலுமினியம். எங்களிடம் இருப்பது மர ஸ்க்ரூவுக்குப் போடும் கவுண்டர்சிங்க் பிட்.

---

ஏர்கன்_ரவுண்டு

கழற்ற: முதலில் நடுக் கம்பித் துண்டைச் சின்ன பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். அது இருக்கிற வரை பிட் நடுவில் நிற்காது. பிறகு ரிவெட் அளவு பிட், 4.8-க்கு 4.8, பெரிய பிட் போட்டால் ஓட்டை போச்சு. தலை கழன்று பிட்டில் வளையமாக வந்ததும் நிறுத்துங்கள். உடலைப் பஞ்சால் தள்ளலாம். சுற்றினால் தலைக்கு அடியில் மெல்லிய உளியைச் செருகி லேசாக நெம்பிப் பிடித்துக்கொண்டு டிரில் போடுங்கள், பிடி கிடைக்கும். டியூப்புக்குள் விழுகிற துண்டுகள் வண்டி ஓடும்போது கிலுக்கும், இரும்புக் கம்பித் துண்டு உள்ளேயே துருவும் ஏற்றும். டியூப் முனை மூடியைக் கடைசியில் அடையுங்கள், அதுவரை ஊதித் தள்ள வழி இருக்கும்.

---

கண்ணாடிநார்

அந்தப் பிட் ஆகாது. ஸ்க்ரூ கவுண்டர்சிங்க் 90 டிகிரி. அமிழ்ந்த தலை பாப் ரிவெட்டின் தலை 120 டிகிரி. 90-ல் குடைந்தால் தலையின் வெளி விளிம்பு மட்டும் ஒட்டும், அடியில் வெற்றிடம். கூடை நாலு தடவை உரசினால் விளிம்பு மடங்கி மேலே வரும். 120 டிகிரி கவுண்டர்சிங்க் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 118 டிகிரி முனை கொண்ட சாதாரண டிரில் பிட் 10 மி.மீ. ஒன்றை எடுத்து மெதுவான வேகத்தில் விடலாம், கோணம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பிட் கடித்து இழுத்துக்கொள்ளாமல் டிரில்லைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். குழி ஆழம் பட்டைக் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது, 3 மி.மீ.க்கு 2 வரை. 1.2 வெளித் தகட்டில் இதைச் செய்யவே வேண்டாம், விளிம்பு கத்தி முனையாகிவிடும்.

நீளக் கணக்கு இதற்கும் அதே மொத்தக் கனம்தான். அமிழ்ந்த தலை ரிவெட்டில் நீளத்தைத் தலையையும் சேர்த்து அளந்திருப்பார்கள். வட்டத்தலையில் தலைக்கு அடியிலிருந்து. வாசற்படிக்கு அடியில் என்ன வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 2 மி.மீ. டியூப் என்றால் 5, டேப்போடு 5.5. அதே துண்டுகளில் ஒன்றை அடித்து, ஹேக்சாவால் நடுவே அறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள்.